மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை முதல் நாள் விடியற்காலையில் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் குடியை நிறுத்துகிறார்கள். முந்தைய இரவு வரை தினம் ஒரு குவார்ட்டர் போட்டவர், குளித்து முழுகி, குருசாமி கையால் துளசி மாலை போட்டுக்கொள்கிறார். அடுத்த 41 நாளோ 48 நாளோ டாஸ்மாக் இருக்கும் தெருப்பக்கம்கூடப் போவதில்லை. இருமுடி கட்டி, மலை ஏறி இறங்கி, ஊர் திரும்பி மாலையைக் கழற்றுகிறார். பலருக்கு அன்று இரவே பாட்டில் திறந்துவிடுகிறது.

வீட்டில் உள்ளவர்கள் இதைப் பார்த்துவிட்டுச் சொல்வது ஒன்றுதான்: "நாப்பத்தெட்டு நாள் இருக்க முடிஞ்ச மனுசனுக்கு அதுக்கப்புறம் ஏன் முடியல? மனசு வைக்கல, அவ்வளவுதான்." குடித்தவரும் அதையே நம்புகிறார். தனக்கு மன உறுதி இல்லை என்று முடிவுகட்டி, அந்த வருத்தத்துக்கும் சேர்த்துக் குடிக்கிறார்.

அந்த 48 நாளில் அவரைச் சுற்றி என்னவெல்லாம் இருந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஊரே அவரை 'சாமி' என்று கூப்பிட்டது. கூடக் குடித்த கூட்டாளிகளே "சாமி, நீங்க தள்ளி நில்லுங்க" என்றார்கள். டீக்கடைக்காரர் அவருக்குத் தனி டம்ளர் எடுத்து வைத்தார். கை நமநமக்கும் மாலை 6 மணிக்குப் பஜனையும் பூசையும் இருந்தன. இதே பாதையில் 18 வருடம் நடந்த குருசாமி ஒருவர் இருந்தார். சந்தேகம் வந்தால் அவரைக் கேட்கலாம். வீட்டில் மனைவி தனிப் பாத்திரத்தில் சமைத்துக் கொடுத்தார். உடை, உறக்கம், சாப்பாடு, பேச்சு எல்லாமே மாறியிருந்தன. மாலையைக் கழற்றிய நொடியில் இத்தனையும் ஒரே நாளில் கலைந்துபோகின்றன. மன உறுதி அப்படியே இருக்கிறது; அதைத் தாங்கிப் பிடித்த ஆட்கள்தான் இல்லை.

குடிநோயிலிருந்து மீள்வதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. மீதிப் பாதி, அந்த ஆட்களை மண்டலக் கணக்கு முடிந்த பிறகும் எப்படிக் கூட வைத்துக்கொள்வது என்பது.

முதல் ஐந்து நாள்

கூட்டம், ஆலோசனை, குடும்பம் எதுவும் வருவதற்கு முன்னால் உடம்பு வருகிறது. இதில் தவறு செய்தால் உயிரே போகலாம் என்பதால் கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடுவோம்.

குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அப்படியானால் ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 61 கிராம் சுத்தமான ஆல்கஹால். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். நெடுநாள் குடித்தவருக்குச் சற்று வேகம் கூடலாம். இரவு 9 மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்தவரின் ரத்தத்திலிருந்து சாராயம் வடிய விடிகாலை ஆகிவிடுகிறது. தினமும் குடிப்பவருக்கு அப்போதுதான் கை நடுங்கத் தொடங்குகிறது, வியர்க்கிறது, குமட்டுகிறது. 'காலையில ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்கும்' என்பது இதனால்தான். மூளை பல வருடங்களாகச் சாராயத்தின் அமுக்கத்துக்கு எதிராகத் தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிறது. அமுக்கம் திடீரென்று விலகினால் வேகம் மட்டும் மிஞ்சுகிறது.

கடைசியாகக் குடித்த நேரத்திலிருந்து 6 முதல் 12 மணி நேரத்துக்குள் நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை. 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், நாளும் இடமும் தெரியாது, காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறும். 'டெலிரியம்' என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நிலையைப் பேய் பிடித்ததாக எண்ணி வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போன குடும்பங்கள் உண்டு. இது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அவசரம். மருத்துவம் இல்லாமல் விட்டால் இதில் உயிர் போவது உண்மை.

ஆகவே தினமும் குடித்தவர், காலையில் எழுந்ததும் குடிப்பவர், முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவர், மஞ்சள் காமாலையோ வயிற்றில் நீரோ உள்ளவர், வயதானவர் ஆகியோர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு 'சட்டென்று' நிறுத்தக் கூடாது. மாலை போடுவதும் இதற்கு விலக்கில்லை. மாலை போட விரும்புகிறவர் பத்து நாள் முன்னதாகவே டாக்டரைப் பார்த்துவிடலாம். சாமி குற்றம் எதுவும் இல்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இதற்குச் சிகிச்சை உண்டு. குளோர்டயசிபாக்சைடு போன்ற மாத்திரையை முதல் நாள் கூடுதலாகக் கொடுத்து, 5 முதல் 10 நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோராசிபம். இந்த மாத்திரைகளுக்கே அடிமையாக முடியும் என்பதால் மெடிக்கல் ஷாப்பில் தெரிந்தவரிடம் சொல்லி வாங்கிப் போடக் கூடாது. கூடவே தயாமின் என்ற பி1 சத்தை ஊசியாகப் போடுவார்கள். சாப்பாடு இல்லாமல் குடித்தவர் உடம்பில் அது வற்றியிருக்கும். அது தெரியாமல் 'சோர்வா இருக்கார், ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க' என்று பக்கத்துக் கிளினிக்கில் படுக்க வைத்தால், மிச்சமிருந்த தயாமினும் தீர்ந்து, கண்கள் தடுமாறி, நடை தள்ளாடி, நினைவு நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். 'தினமும் குடிப்பவர்' என்பதை முதல் வாக்கியமாக டாக்டரிடம் சொல்லிவிடுவது அந்த நினைவைக் காப்பாற்றும். குடும்ப மானம் கருதி இதை மறைப்பவர்களே அதிகம்.

ஐந்தாம் நாள், ஏழாம் நாள் நடுக்கம் நின்றுவிடும். முகம் தெளியும், பசி எடுக்கும். "சரியாயிட்டார்" என்று எல்லோரும் மூச்சு விடும் இந்த நேரம்தான் ஏமாற்றும். உடம்பிலிருந்து சாராயம் வெளியேறியிருக்கிறது; சாராயம் நிரப்பிவைத்திருந்த நேரமும் பழக்கமும் ஆட்களும் அப்படியே காத்திருக்கிறார்கள். தூக்கம் சீராக மாதங்கள் ஆகும். இனிப்பு கேட்கும். காரணமில்லாமல் எரிச்சல் வரும். இதற்குப் பெயர் சோம்பேறித்தனமோ திமிரோ இல்லை, மூளை பழைய நிலைக்கு இறங்கி வரும் வேலை.

ஒரு தொலைபேசி அழைப்பு

1935 மே மாதம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம், ஆக்ரன் நகரம், மேஃப்ளவர் ஹோட்டல். நியூயார்க்கிலிருந்து வியாபாரம் பேச வந்த பில் வில்சன் அங்கே தனியாக நிற்கிறார். வியாபாரம் முறிந்துவிட்டது. கையில் காசு குறைவு. குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருக்கிறது. ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்பும் பேச்சும் கேட்கின்றன. மறுபக்கம் ஒரு தொலைபேசி, பக்கத்தில் ஊர் தேவாலயங்களின் பட்டியல்.

அந்த ஐந்து மாதத்தில் அவர் ஏராளமான குடிகாரர்களைத் திருத்தப் பார்த்திருந்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. சலித்துப்போனபோது மனைவி லோயிஸ்தான் அவருக்கு ஒன்றை எடுத்துக் காட்டியிருந்தார்: யாரும் திருந்தவில்லைதான், ஆனால் அத்தனை நாளும் நீங்கள் குடிக்கவில்லையே. ஹோட்டலில் நின்றபோது அவருக்கு விளங்கியது அதுதான். தான் குடிக்காமல் இருக்க வேண்டுமானால், இன்னொரு குடிகாரரோடு பேச வேண்டும். தேவாலயங்களுக்குப் போன் போட்டு, ஆள் மாற்றி ஆள் கேட்டு, மறுநாள் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். அவரும் குடியில் மூழ்கியவர். 15 நிமிடம் மட்டும் என்று சொல்லி உட்கார்ந்தவர், பல மணி நேரம் பேசினார். அறிவுரை சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். அதே ஆண்டு ஜூன் 10 அன்று டாக்டர் பாப் கடைசியாகக் குடித்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., அந்த நாளைத்தான் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது.

உதவி செய்கிறவருக்கே முதல் உதவி கிடைக்கிறது என்பதுதான் அந்த அழைப்பின் உள்ளே இருந்த கண்டுபிடிப்பு. டாக்டர் நோயாளியிடம் "இப்பத்தான் நாலு நாள் ஆச்சா? எனக்கும் நாலாம் நாள்தான் ரொம்பக் கொடுமை" என்று சொல்ல முடியாது. குடித்தவர் சொல்ல முடியும். கேட்பவருக்கு அதில் வெட்கம் கரைகிறது. சொல்பவருக்குத் தன் நான்காம் நாள் மறக்காமல் இருக்கிறது.

இன்று சென்னை, மதுரை, கோவை, திருச்சி போன்ற ஊர்களில் தமிழிலேயே ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன. தேவாலயத்தின் பின்கட்டு, பள்ளி வகுப்பறை, மருத்துவமனையின் ஒரு மூலை என்று கிடைத்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம். உறுப்பினர் சந்தா இல்லை. கடைசியில் சுற்றிவரும் பையில் முடிந்ததைப் போடலாம், போடாமலும் இருக்கலாம். வருகைப் பதிவேடு இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும், வேறு தகுதி எதுவும் கேட்பதில்லை. பேசுகிறவர் தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதோ, திருத்துவதோ, 'நீ இப்படிச் செஞ்சிருக்கணும்' என்பதோ கிடையாது. நம் ஊரில் நாலு பேர் கூடினால் பஞ்சாயத்து ஆகிவிடும். இங்கே மட்டும் யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. முதல்முறை போகிறவருக்கு அதுவே பெரிய ஆறுதல். ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறொரு ஊர்க் கூட்டத்துக்குப் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொன்றின் முகமும் வேறு. முதல் 90 நாளில் 90 கூட்டம் என்பது அங்கே புதியவருக்குச் சொல்லும் பழைய வழி. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அத்தனை முடியாமல் போகலாம். முடியாத நாளில் ஒரு போன் என்று வைத்துக்கொள்ளலாம்.

'ஸ்பான்ஸர்' என்று ஒருவரை அங்கே வைத்துக்கொள்வார்கள். குருசாமி மாதிரி, ஆனால் காலில் விழ வேண்டியதில்லை. குடியை விட்டுச் சில வருடங்களாவது ஆனவர், அதே பாலினத்தவர், அடிக்கடி போன் எடுக்கக்கூடியவர் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. கடன் கொடுப்பவராகவோ வேலை வாங்கித் தருபவராகவோ ஸ்பான்ஸர் மாறினால் உறவு கெடும். ஏ.ஏ. வகுத்திருக்கும் மீட்சி வழியான பன்னிரண்டு படிகளை அவரோடுதான் ஒவ்வொன்றாகக் கடப்பது: குடியின் முன் தன் கை தோற்றதை ஒப்புக்கொள்வது, தன் குற்றம் குறைகளை எழுதிப் பார்ப்பது, அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வது, காயப்படுத்தியவர்களின் பட்டியல் போட்டு முடிந்த இடத்தில் ஈடு செய்வது, கடைசியில் இன்னொரு குடிநோயாளிக்குக் கைகொடுப்பது.

படிகளில் கடவுள் வருகிறார். நாத்திகர் பலர் அதைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுகிறார்கள். 'நாங்கள் புரிந்துகொண்ட விதத்தில்' என்ற சொற்றொடர் அங்கே வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. தன்னைவிடப் பெரிய சக்தி என்பதற்கு அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் 15 பேரையே வைத்துக்கொண்டு பல வருடம் குடிக்காமல் இருக்கும் பகுத்தறிவாளர்கள் உண்டு. அதுவும் ஒத்துவரவில்லை என்றால் மருத்துவமனைகள் நடத்தும் குழு ஆலோசனை இருக்கிறது. வழி ஒன்றே ஒன்று என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இதெல்லாம் நம்பிக்கைப் பேச்சா, பலன் உண்டா? 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,000-க்கு மேற்பட்டோரின் விவரங்களை, சேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போகும்படி முறையாக வழிநடத்தியபோது, ஓராண்டு கழித்து முழுதாகக் குடிக்காமல் இருந்தவர்கள் சுமார் 42 சதவீதம். மற்ற உளவியல் சிகிச்சைகளில் சுமார் 35. இந்த எண்ணை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். காசில்லாத ஒரு கூட்டம் தேர்ந்த சிகிச்சைக்கு ஈடாக, சற்று மேலாகவே நிற்கிறது. அதேசமயம் பாதிக்கு மேற்பட்டோர் முதல் வருடத்தில் ஒருமுறையாவது குடித்திருக்கிறார்கள். சறுக்கல் இந்த நோயின் வழக்கம்.

ஏ.ஏ. செய்யாதவை சில உண்டு. நடுக்கத்துக்கு அது மருந்து தராது. மனச்சோர்வு, மனச்சிதைவு இருந்தால் அதைக் கண்டுபிடிக்காது. சில இடங்களில் பழைய உறுப்பினர் புதியவரிடம் "மாத்திரையெல்லாம் தூக்கிப் போடு, கூட்டத்துக்கு வா போதும்" என்று சொல்லிவிடுகிறார். அப்படி டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.வின் சொந்தக் கையேடே சொல்கிறது.

சோற்றில் கலந்த மாத்திரை

டைசல்ஃபிரம் என்ற மாத்திரையை 1940-களின் கடைசியில் டென்மார்க்கில் கண்டறிந்தார்கள். சாராயம் உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகு கரைந்துபோகும். இந்த மாத்திரை இரண்டாம் கட்டத்தைத் தடுத்துவிடும். மாத்திரைக்கு மேல் குடித்தால் முகம் சிவந்து, மூச்சு முட்டி, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவருக்கு உயிர் போகலாம். கடைசி மாத்திரை போட்டு இரண்டு வாரம் வரைக்கும் இந்த ஆபத்து இருக்கிறது.

'குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுங்கள்' என்று பேருந்து நிலையச் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதே, அவற்றில் என்ன பொடி இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. இதே மாத்திரையைத் தூளாக்கி ரசத்தில் கலக்கும் மனைவிமாரும் தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்களுடைய தவிப்பு புரிகிறது. ஆனால் தெரியாமல் தின்றவர் வழக்கம்போல முழு குவார்ட்டரையும் ஒரே மூச்சில் குடிப்பார். பிழைத்து எழுந்து உண்மை தெரிந்தால், அந்த வீட்டில் அவர் இனி ஒரு வாய்ச் சோற்றை நம்பி உண்ண மாட்டார்.

தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்த்துக் கொடுத்தால் அதே மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. அதுவும் ஒருவர் முன்னிலையில் போடும்போதுதான். தனியாகப் போடச் சொன்னால் மூன்றாம் வாரம் அட்டை அப்படியே இருக்கும். தம்பதியருக்கான சிகிச்சையில் இதற்கு ஒரு சின்னச் சடங்கே வகுத்திருக்கிறார்கள். காலையில் காபிக்கு முன், இருவரும் உட்கார வேண்டும். அவர் சொல்வது: "நேத்து நான் குடிக்கல. இன்னிக்கும் குடிக்க மாட்டேன்." தண்ணீரோடு மாத்திரையைப் போடுகிறார். அவர் மனைவி சொல்வது: "சரிங்க, நல்லது." காலண்டரில் ஒரு டிக். அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிடத்தில் பழைய குடியைப் பற்றி மனைவி குத்திக் காட்டக் கூடாது, வரப்போகும் வருடங்களைப் பற்றி அவரும் பெரிய சத்தியம் செய்யக் கூடாது. நாள் முழுக்க வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்ப்பதும், சட்டைப் பையைத் துழாவுவதும், "போயிட்டு நேரா வந்துருவீங்கள்ல?" என்பதும் இந்த ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிப்போகின்றன. இருவருக்கும் அது விடுதலை.

இந்த மாத்திரை போடுகிறவர் இருமல் டானிக் வாங்குவதற்கு முன் அதில் ஆல்கஹால் உண்டா என்று பார்க்க வேண்டும். ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற வேறு மருந்துகளும் இருக்கின்றன. கல்லீரல், சிறுநீரகம் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

தாங்குவதும் தாங்கிப் பிடிப்பதும்

குடும்பம் செய்யும் உதவியில் ஒரு பகுதி குடிக்கே போய்ச் சேருகிறது. போதையில் எழ முடியாதவருக்காக மேஸ்திரிக்குப் போன் போட்டு 'காய்ச்சல்' என்று சொல்வது, தாலிச் செயினை அடகு வைத்து பாரில் வாங்கிய கடனை அடைப்பது, விழுந்து கிடந்தவரைத் தூக்கிவந்து குளிப்பாட்டி, காலையில் எதுவுமே நடக்காததுபோல இட்லி வைப்பது. அன்பினால் செய்வதுதான். ஆனால் குடியின் விலையை அவர் ஒருநாளும் கண்ணால் பார்ப்பதில்லை. பொய் சொல்வதையும் கடன் அடைப்பதையும் நிறுத்தலாம். சோறு, மருந்து, ஆஸ்பத்திரி ஆகியவற்றை நிறுத்த வேண்டியதில்லை. போதையில் இருக்கும்போது சண்டை போட்டுப் பயனில்லை. மறுநாள் காலை, தெளிந்த முகத்தோடு, பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்து, நடந்ததை நடந்தபடி நாலு வாக்கியத்தில் சொல்வது உள்ளே இறங்கும். அடி, உதை இருந்தால் இந்த யோசனைகள் எதுவும் முதலில் இல்லை. முதலில் பத்திரமான இடம். பெண்களுக்கான 181 உதவி எண் எந்நேரமும் எடுக்கும்.

குடிநோயாளிகளின் மனைவி, தாய், கணவன், பிள்ளைகளுக்கென்று அல்-அனான் என்ற கூட்டம் 1951-இல் அமெரிக்காவில் அமைப்பாயிற்று. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பில் வில்சனின் மனைவி லோயிஸ். அங்கே முதலில் கேட்கக் கிடைப்பது மூன்று: இந்தக் குடியை நான் உண்டாக்கவில்லை, என்னால் இதைக் கட்டுப்படுத்த முடியாது, என்னால் இதைக் குணப்படுத்தவும் முடியாது. 'நீ சரியா இருந்தா அவன் ஏன் குடிக்கப்போறான்' என்று மாமியார் வாயால் பத்து வருடம் கேட்ட பெண்ணுக்கு முதல் வாக்கியம் ஒன்றே போதும்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. என்ற குடிநோய் சிகிச்சை மருத்துவமனை, குடும்பத்தினருக்கும் சேர்த்தே சிகிச்சை என்பதைத் தன் அடிப்படையாக வைத்தது. குடியில் கணவரை இழந்தவர் அவர். அந்த மருத்துவமனை 1989-இல் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம் போட்டுச் சிகிச்சை தரத் தொடங்கியது. முகாமின் பலம் ஊர்க்காரர்கள். நோயாளியைக் கண்டுபிடித்துக் கூட்டிவருவதிலும், திரும்பிப் போனதும் வேலையில் வைத்துக்கொள்வதிலும், நகரத்து ஆஸ்பத்திரிக்கு வராத ஆதரவு ஊருக்குள்ளேயே கிடைத்தது. கோவாவின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. மருத்துவப் பட்டம் இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அளவு மீறிக் குடிக்கும் ஆண்களோடு சில அமர்வுகள் மட்டும் பேச வைத்தார்கள். மூன்று மாதத்தில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26.

இதற்கு நேர் எதிரான 'உதவி'யும் நம் ஊரில் நடக்கிறது. குடும்பத்தாரிடம் பணம் வாங்கிக்கொண்டு, ஆளை வேனில் தூக்கிப்போய், பூட்டிவைத்து அடிக்கும் மறுவாழ்வு மையங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைகளையும் உள்ளடக்கியது. சங்கிலியால் கட்டுவதை அது எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கவில்லை. ஒரு மையத்தில் சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை: மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்று எங்கே, மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரி, குடும்பம் என்றைக்குப் பார்க்கலாம். 'மூணு மாசம் பார்க்கக் கூடாது' என்று பதில் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

பெண்கள் குடிப்பதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. அதனால் அவர்கள் வெளியே வருவதும் தாமதமாகிறது. அதே அளவு சாராயம் பெண்ணின் உடம்பில் கூடுதல் சேதம் செய்யும். கூட்டத்துக்குள் நுழையத் தயங்கும் பெண்களுக்கு இணையவழிக் கூட்டங்கள் பெரிய உதவி; 14416 என்ற, அரசின் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண்ணிலும் தமிழில் பேசலாம், முகம் காட்ட வேண்டாம்.

சனிக்கிழமை, சாவு வீடு, தீபாவளி

சறுக்கல் பாட்டிலில் தொடங்குவதில்லை. இரண்டு வாரம் முன்னதாக, கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதில், ஸ்பான்ஸரின் போனை எடுக்காமல் விடுவதில், 'சும்மா பார்த்துட்டு வரலாம்' என்று பழைய கூட்டாளியின் வீட்டுப் பக்கம் போவதில் தொடங்குகிறது. பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கும் ஏக்கத்தைக் கிளப்பும். நான்கில் மூன்றைச் சாப்பாடும் தூக்கமும் ஒரு போனும் தீர்த்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊருக்கென்று சில குழிகள் உண்டு. கட்டட வேலையில் சனிக்கிழமை மாலை கூலி கையில் விழும். பிரிக்கும் இடமே கடை வாசல். மேஸ்திரியிடம் பேசி மனைவியின் வங்கிக் கணக்குக்குக் கூலியைப் போடச் சொல்வது, ஆறு மாதத்துக்காவது, பல குடும்பங்களைக் காப்பாற்றும் ஏற்பாடு. சாவு வீட்டில் தப்பு அடிக்கும் இடத்திலிருந்து சுடுகாடு வரை பாட்டில் கூடவே வரும். தவிர்க்க முடியாத சாவு என்றால் குடிக்காத ஒருவரோடு போய், மாலை போட்டு, தூக்கியதும் கிளம்பிவிட வேண்டும். தீபாவளிக்கு முந்தைய நாளே அன்றைய மாலைக்கு என்ன வேலை என்று முடிவு செய்துவிட வேண்டும்.

மறுக்கும் சொல்லையும் முன்கூட்டியே தயாரித்து வைக்க வேண்டும். "இன்னிக்கு வேணாம்டா" என்றால் நாளைக்குக் கூப்பிடுவார்கள். "வயிறு சரியில்ல" என்றால் "ஒரு பெக் போட்டா சரியாயிரும்" என்பார்கள். "நான் நிறுத்திட்டேன், ஆஸ்பத்திரில மாத்திரை போடுறேன், மேல குடிச்சா செத்துருவேன்" என்ற பேச்சுக்குப் பதில் வராது. சொல்லிவிட்டு அங்கேயே நிற்கவும் கூடாது.

ஏக்கம் பெரும்பாலும் 20, 30 நிமிடத்தில் ஏறி இறங்கிவிடும். அந்த அரை மணிக்காகத்தான் அந்தப் போன் எண்கள். சட்டைப் பையில், காகிதத்தில், மூன்று பேர். போன் சார்ஜ் போய்விட்டாலும் கடையில் கேட்டுப் பேசலாம். அழைப்பை எடுக்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் பழகிக்கொள்ள வேண்டிய கலை. காரணம் கேட்கக் கூடாது, உபதேசம் கூடாது. "தம்பி, எங்க நிக்கிற?" "கடைக்கு எதிர்ல, அண்ணே." "சரி, பேசிக்கிட்டே பஸ் ஸ்டாண்ட் பக்கமா நட. மதியம் சாப்டியா?" "இல்லண்ணே." "முதல்ல ஒரு பரோட்டா கடையில உக்காரு, நான் லைன்லயே இருக்கேன்." முதலில் இடத்தை மாற்ற வேண்டும், அடுத்து வயிற்றில் ஏதாவது போட வேண்டும், பேச்செல்லாம் அதற்குப் பிறகு.

அப்படியும் குடித்துவிட்டால், மறைக்காமல் அன்று இரவே ஒருவரிடம் சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது. 'ஆறு மாசம் வீணாப்போச்சு, இனி என்ன' என்ற எண்ணம் ஒரு கட்டிங்கை ஒரு மாதக் குடியாக்குகிறது. ஆறு மாதத்தில் கல்லீரலும் தூக்கமும் மீட்டெடுத்தது எங்கும் போய்விடவில்லை. ஒன்று மட்டும் கவனம்: நிறுத்தி இருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது, பழைய நினைப்பில் அரைப் பாட்டில் குடித்தால் மூச்சே நின்றுபோகலாம். குடி இரண்டு மூன்று நாளுக்கு மேல் நீண்டால் மறுபடி டாக்டர். முதல் ஐந்து நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து. ஒரே ஒருநாள் என்றால் மறுநாள் மாலை கூட்டத்தில் அதே பிளாஸ்டிக் நாற்காலி. அங்கே பெயரைச் சொல்லி, "நேத்து குடிச்சிட்டேன்" என்று சொல்லும்போது, எதிரில் இருப்பவர்களில் பாதிப் பேர் தலையை ஆட்டுவார்கள். அவர்களும் ஒருநாள் அதே வாக்கியத்தைச் சொன்னவர்கள்தான்.